நாற்காலி திரும்புது, நம்பலாமா? பாட்டு ரியாலிட்டி ஷோக்களில் ‘கோச்’ செய்வது என்ன, எது நிஜம்?

ஞாயிறு இரவு. டிவியில் ஒரு பையன் சரணத்தை முடித்து மூச்சு வாங்குகிறான். ஜட்ஜ் எழுந்து நிற்கிறார். பின்னணியில் வயலின். ஆடியன்ஸில் உட்கார்ந்திருக்கும் அம்மாவின் கண்ணீருக்கு ஒரு குளோசப். ஹாலில் பாதிப் பேர் “செம வாய்ஸ்ல!” என்கிறார்கள். மீதிப் பேர் போனிலிருந்து தலையைத் தூக்காமலேயே, “அடப் போப்பா, எல்லாம் முன்னாடியே எழுதி வெச்சது” என்கிறார்கள்.

ஒவ்வொரு சீசனிலும் நடக்கும் சண்டைதான். ஆனால் இதில் அதிகம் பேசப்படாத ஒரு ஆள் இருக்கிறார். அந்தப் பையனுக்கு இந்தப் பாட்டை யார் தேர்ந்தெடுத்தது? எந்த சுருதியில் பாடச் சொன்னது? ‘இந்த இடத்துல உருகிப் பாடு’ என்று சொல்லிக் கொடுத்தது யார்? மென்டார், டிரெய்னர், கோச் என்று பெயர் மாறும், வேலை ஒன்றுதான். மேடையில் நாம் கேட்கும் குரலில் பாடகரின் பங்கு எவ்வளவு, இவர்களின் பங்கு எவ்வளவு? விரிவாகப் பார்க்கலாம்.

ஜட்ஜ், மென்டார், கோச்: மூணும் ஒண்ணா?

இல்லை. இந்த மூன்றும் வெவ்வேறு ஃபார்மேட்டுகளில் இருந்து வந்தவை.

2001-ல் பிரிட்டனில் ‘பாப் ஐடல்’, 2002-ல் அமெரிக்காவில் ‘அமெரிக்கன் ஐடல்’. இவற்றில் மேஜைக்குப் பின்னால் இருப்பவர் ஜட்ஜ். பாடுவதைக் கேட்பார், கருத்து சொல்வார். தோற்றாலும் ஜெயித்தாலும் அவருக்கு நேரடி லாப நஷ்டம் கிடையாது. சைமன் கோவெலின் முகத்தில் அடித்தாற்போன்ற விமர்சனம் உலகப் புகழ் பெற்றது இந்த ஃபார்மேட்டில்தான்.

2004-ல் அதே கோவெல் ‘எக்ஸ் ஃபேக்டர்’ தொடங்கினார். இங்கே ஒவ்வொரு ஜட்ஜுக்கும் ஒரு அணி. ஜட்ஜே மென்டாரும்கூட. 2010 சீசனுக்குத் தனித்தனியாக வந்த ஐந்து பையன்களைச் சேர்த்து உருவாக்கிய குழுதான் ‘ஒன் டைரக்‌ஷன்’. மூன்றாவது இடம்தான் பிடித்தார்கள். அதன் பிறகு நடந்தது ஊருக்கே தெரியும்.

அதே 2010-ல் நெதர்லாந்தில் ஜான் டி மோல் உருவாக்கிய ‘தி வாய்ஸ்’ வந்தது. நாற்காலிகள் மேடைக்கு முதுகைக் காட்டி நிற்கும். குரல் பிடித்தால் பட்டனை அழுத்த வேண்டும், நாற்காலி திரும்பும். ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் திரும்பினால் யாரிடம் போவது என்பதைப் பாடுபவரே முடிவு செய்வார். இங்கேதான் ‘கோச்’ என்ற சொல் நிலைத்தது. மற்ற ஷோக்களில் போட்டியாளர் ஜட்ஜைக் கெஞ்சுவார். இதில் கோச் போட்டியாளரைக் கெஞ்சுவார்.

நான்காவதாக ஒரு வகையும் உண்டு: அகாடமி. போட்டியாளர்களை ஒரே வீட்டில் தங்கவைத்துத் தினமும் வகுப்பு எடுப்பது. இந்தியாவில் 2005-ல் இந்தியில் வந்த ‘ஃபேம் குருகுல்’ இந்த ரகம். அதிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களில் ஒருவர் அரிஜித் சிங்.

கோச் ஜெயிப்பது எப்படி?

‘தி வாய்ஸ்’ ஃபார்மேட்டில் கோச்சும் ஒரு போட்டியாளர்தான். எந்த அணி ஜெயித்தது என்பது அவர் கணக்கில் ஏறும். அதனால் ஒவ்வொருவருக்கும் ஒரு பாணி உருவாகிவிடுகிறது.

முதல் வகை, ஆள் பிடிப்பவர். அமெரிக்க ‘தி வாய்ஸ்’ 2011-ல் தொடங்கியதிலிருந்து தொடர்ந்து 23 சீசன்கள் உட்கார்ந்திருந்தவர் பிளேக் ஷெல்டன். அவர் அணி 9 முறை ஜெயித்தது. கன்ட்ரி இசைப் பாடகரான அவர் நுணுக்கமான வகுப்பெடுப்பதைவிட ஜோக் அடிப்பதற்கும், சக கோச்சுகளைக் கலாய்ப்பதற்கும் பேர்போனவர். ஆனால் அந்த ஷோவைப் பார்த்து ஓட்டுப் போடுகிறவர்கள் யார், அவர்களுக்கு எந்த மாதிரிக் குரல் பிடிக்கும் என்று நன்றாகவே தெரிந்து வைத்திருந்தார். 2017-ல் ஜெயித்த க்ளோயி கொஹான்ஸ்கி முதலில் மைலி சைரஸின் அணியில் இருந்தவர். மைலி கைவிட்டதும், ‘ஸ்டீல்’ விதியைப் பயன்படுத்தி அவரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார் பிளேக்.

இரண்டாவது வகை, அந்த இடத்தில் நின்றவர். ‘அமெரிக்கன் ஐடல்’ முதல் சீசன் வின்னர் கெல்லி கிளார்க்சன் 2018-ல் ‘தி வாய்ஸ்’ கோச்சாக வந்தார். 2021-க்குள் அவர் அணி 4 முறை ஜெயித்துவிட்டது. மேடையில் கை நடுங்குவது, ரிசல்ட்டுக்கு முந்தைய நிமிடம், ஓட்டு எண்ணிக்கையின் பயம், எல்லாமே அவருக்கு அனுபவம். ‘நானும் இதைத் தாண்டித்தான் வந்தேன்’ என்று இவர் சொல்லும்போது, ஆறுதலைவிட அதில் தகவல் அதிகம்.

மூன்றாவது வகை, வாத்தியார். தமிழில் இதற்கு நல்ல உதாரணம் விஜய் டிவி ‘சூப்பர் சிங்கர்’ மூலம் பரவலாக அறியப்பட்ட வாய்ஸ் டிரெய்னர் அனந்த் வைத்தியநாதன். ஜட்ஜுகள் பாட்டைப் பற்றிப் பேசினால், இவர் குரலைப் பற்றிப் பேசுவார். மூச்சு எங்கிருந்து வருகிறது, தொண்டை எங்கே இறுகுகிறது, அந்த மேல் ஸ்தாயி ஏன் கிழிகிறது என்பதெல்லாம் பாட்டு வாத்தியார் வீட்டுக்கு வெளியே, டிவியில் பேசுபொருளானதில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு.

ஒரு வாரத்தில் என்னதான் சொல்லிக் கொடுக்க முடியும்?

நியாயமான கேள்வி. ஒரு குரலைப் பக்குவப்படுத்த வருடங்கள் ஆகும். இரண்டு எபிசோடுகளுக்கு நடுவில் எந்தக் கோச்சாலும் புதுக் குரல் கொடுக்க முடியாது. ஆனால் இருக்கும் குரல் கெட்டுப் போகாமல் மேடையேற்ற முடியும். நடைமுறையில் நடப்பவை இவைதான்.

முதலாவது, பாட்டுத் தேர்வு. பாதி வெற்றி இதிலேயே தீர்மானமாகிவிடும். பல்லவி சுகமாகப் போகும், சரணத்தில் ஒரே ஒரு உச்ச ஸ்வரம் கழுத்தை நெரிக்கும். அப்படிப்பட்ட பாட்டை ‘வேண்டாம்’ என்று சொல்வதே பெரிய உதவி.

இரண்டாவது, ஸ்கேல். ஒரிஜினலில் இருந்து அரை கட்டை இறக்கினால் நிம்மதியாகப் பாடலாம். ஆனால் ரொம்ப இறக்கினால் கீழ் ஸ்வரங்கள் கேட்கவே கேட்காது. எவ்வளவு இறக்கலாம் என்பதற்கு அனுபவமுள்ள காது வேண்டும்.

மூன்றாவது, மூச்சு விடும் இடங்கள். ‘காத/லே’ என்று வார்த்தை நடுவில் மூச்சு எடுத்தால் உணர்ச்சி உடைந்துவிடும். பேப்பரில் பென்சிலால் கோடு போட்டுத் தருவது பழைய முறை. இப்போதும் அதுதான் வேலை செய்கிறது.

நான்காவது, மைக். மெல்லிய இடத்தில் கிட்டே, உச்சத்தில் எட்ட. வீட்டில் தம்புரா ஆப் வைத்துச் சாதகம் செய்து வந்தவர்களுக்கு இது முற்றிலும் புதுப் பாடம்.

ஐந்தாவது, உச்சரிப்பு. தமிழ் ஷோக்களுக்குக் கேரளாவிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் புலம்பெயர்ந்த குடும்பங்களிலிருந்தும் பாட வருகிறார்கள். ழ, ள, ல சரியாக விழுகிறதா என்று பார்க்கவே ஒரு ஆள் வேண்டும்.

இதெல்லாம் பல மணி நேர வேலை. எபிசோடில் நமக்குக் காட்டப்படுவது சில நொடிகள், பெரும்பாலும் கோச் கட்டிப்பிடிக்கும் காட்சி மட்டும். பிரபலக் கோச் வந்து போன பிறகு, கேமரா இல்லாத ரூமில் உட்கார்ந்து இதைச் செய்பவர்கள் வாய்ஸ் டிரெய்னர்களும் வாத்தியக் குழுவினரும்தான்.

‘ஒரிஜினல் மாதிரியே’ Vs ‘உன் ஸ்டைல்ல’: எது அசல்?

இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. ‘அசல்’ என்ற வார்த்தைக்கு இரண்டு ஊரில் இரண்டு அர்த்தம்.

அமெரிக்க ஷோக்களில் ஒரு கோச் தரும் பெரிய பாராட்டு, ‘அந்தப் பாட்டை உன் பாட்டாகவே மாத்திட்ட’ என்பது. வேகத்தைக் குறைப்பார்கள், ராக் பாட்டைப் பியானோவில் உருக வைப்பார்கள். ஒரிஜினலைப் போலவே பாடினால், ‘கரோக்கி மாதிரி இருக்கு’ என்று குறை சொல்வார்கள்.

தமிழ் மேடையில் நேர் எதிர். “அனுபல்லவி முடியுற இடத்துல அந்த சின்ன சங்கதிய விட்டுட்டீங்களே” என்பார் ஜட்ஜ். காரணம் இல்லாமல் இல்லை. நம் சினிமாப் பாட்டு இசையமைப்பாளரின் படைப்பு. ஒவ்வொரு வளைவையும் அவர் யோசித்து வைத்திருப்பார், அதை அப்படியே கொண்டுவருவது பாடகரின் வேலை. ஸ்ரீனிவாஸ், சுஜாதா, உன்னிகிருஷ்ணன், சித்ரா, மனோ என்று ‘சூப்பர் சிங்கர்’ ஜட்ஜ் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் அந்த ஒழுங்கில் வளர்ந்தவர்கள். சில நேரம் போட்டியாளர் பாடுவதே அவர்கள் பாடிய பாட்டாக இருக்கும்!

இரண்டு பக்கமும் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. நம் முறையில் தேறியவர் நாளைக்கே ஸ்டுடியோவுக்குப் போய், சொல்லிக் கொடுத்ததை உடனே பிடித்துப் பாடிவிடுவார். ஆனால் வாரத்துக்கு ஒரு குரலாக, எஸ்.பி.பி. ரவுண்டில் எஸ்.பி.பி. போலவும், ஜானகி ரவுண்டில் ஜானகி போலவும் பாடிப் பாடி, கடைசியில் ‘உன் குரல் எது?’ என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் போகும் ஆபத்தும் இருக்கிறது.

2018-ல் ‘சூப்பர் சிங்கர்’ 6-வது சீசன் டைட்டிலை வென்ற செந்தில் கணேஷை நினைத்துப் பாருங்கள். அவரும் மனைவி ராஜலட்சுமியும் நாட்டுப்புறப் பாட்டுக்காரர்கள். திறந்தவெளி மேடையில் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி எறிந்து பாடிப் பழகிய குரல். மைக்கோடு ரகசியம் பேசும் சினிமா மெலடிக்கு அது வேறு உலகம். அந்தக் குரலை ‘பாலிஷ்’ போட்டால் வந்த காரணமே போய்விடும், போடாவிட்டால் மற்ற ரவுண்டுகளில் தாக்குப்பிடிக்க முடியாது. நல்ல கோச்சுக்கு இதுதான் பரீட்சை. அவர்கள் கிராமியப் பாணியை விடாமலேயே ஜெயித்தார்கள். அதே பாணியில் 2019-ல் ‘சார்லி சாப்ளின் 2’ படத்தில் ‘சின்ன மச்சான்’ பாடி ஹிட்டும் கொடுத்தார்கள்.

‘அவங்க ஏற்கெனவே மேடைப் பாடகர்கள்தானே’ என்ற முணுமுணுப்பு அப்போது இருந்தது. அதற்கு முந்தைய சீசனில், வின்னர் ஏற்கெனவே சினிமாவில் பாடியவர் என்று சமூக வலைதளங்களில் பெரிய சண்டையே நடந்தது. இது நம் ஊர்ப் பிரச்னை மட்டுமல்ல. அமெரிக்க ‘தி வாய்ஸ்’ முதல் வின்னர் ஹாவியேர் கோலன், ஷோவுக்கு வருவதற்கு முன்பே பெரிய நிறுவனத்தில் ஆல்பம் வெளியிட்டவர். ‘யாருக்கும் தெரியாத பையன் ஒரே ராத்திரியில் ஸ்டார்’ என்ற கதை டிவிக்குத் தேவை. ஆனால் அந்த அளவுக்குப் பாடுகிறவர், பெரும்பாலும் வருடக்கணக்கில் எங்கேயோ பாடிக்கொண்டு இருந்திருப்பார்.

முகம் பார்க்காத தேர்வு: நிஜமாவே பார்க்கலையா?

கோச் பார்க்கவில்லை, உண்மைதான். ஆனால் தயாரிப்புக் குழு பார்த்துவிட்டது. ‘பிளைண்ட் ஆடிஷன்’ மேடைக்கு வருவதற்கு முன்பே பல சுற்று ஆடிஷன்களில் வடிகட்டித்தான் அனுப்புகிறார்கள். அங்கே முகம், வயது, பின்கதை எல்லாம் தெரியும். நாற்காலி திரும்பும் நொடி நிஜம். அந்த மேடை வரைக்கும் வந்த வரிசை, ஏற்பாடு.

காது மட்டும் வைத்து எடுத்த முடிவும் எப்போதும் சரியாக இருப்பதில்லை. 2014-ல் மார்கன் வாலன் என்ற இளைஞர் பாடியபோது திரும்பியது ஷகீராவும் அஷரும்தான். கன்ட்ரி இசைக்காரரான பிளேக் ஷெல்டன் திரும்பவில்லை. வாலன் பாதியிலேயே வெளியேறினார். இன்று அமெரிக்க கன்ட்ரி இசையின் மிகப்பெரிய நட்சத்திரங்களில் ஒருவர் அவர்.

2020-ல் ஆஸ்திரேலியாவில் வேறு மாதிரிச் சிக்கல். கோச் கை செபாஸ்டியனின் தம்பி கிறிஸ் போட்டியாளராக வந்தார். அவர் சேர்ந்தது கெல்லி ரோலண்டின் அணியில். கடைசியில் டைட்டிலையும் ஜெயித்தார். ‘முகம் பார்க்காமல் தேர்வு’ என்ற விதி உறவு முறையின் சந்தேகத்தைத் தீர்க்குமா என்று அங்கேயும் விவாதம் நடந்தது.

பாராட்டும் கண்ணீரும் ஸ்க்ரிப்டா?

இதற்கு உள்ளே இருந்தவர்களே பதில் சொல்லியிருக்கிறார்கள். 2021 மே மாதம் ‘இந்தியன் ஐடல்’ 12-வது சீசனில் கிஷோர் குமார் சிறப்பு எபிசோடுக்கு அவர் மகன் அமித் குமார் விருந்தினராக வந்தார். பிறகு பேட்டியில், எல்லோரையும் பாராட்டும்படி தன்னிடம் கேட்டுக்கொண்டதாகவும், சொன்னபடி செய்ததாகவும், அந்த எபிசோடே தனக்குப் பிடிக்கவில்லை என்றும் போட்டு உடைத்தார். அதே ஷோவில் முன்பு ஜட்ஜாக இருந்த சுனிதி சௌஹானும், பாராட்டச் சொன்னார்கள், அது ஒத்துவராததால் விலகினேன் என்றார். முதல் சீசன் வின்னர் அபிஜித் சாவந்த், இப்போதெல்லாம் திறமையைவிடச் சோகக் கதைக்குத்தான் இடம் என்று ஆதங்கப்பட்டார்.

இங்கே பாதிக்கப்படுவது பார்வையாளர் மட்டுமல்ல, போட்டியாளரும்தான். எல்லாப் பாட்டுக்கும் ‘ஃபென்டாஸ்டிக்’ கேட்டுப் பழகியவருக்கு, தான் எங்கே தப்பு செய்கிறோம் என்று கடைசிவரை தெரியாது. ஷோ முடிந்து முதல் ரெக்கார்டிங்கில் பத்து டேக் போன பிறகுதான் உறைக்கும்.

குரலையே திருத்தினால்?

2010-ல் பிரிட்டன் ‘எக்ஸ் ஃபேக்டர்’ ஆடிஷன் ஒளிபரப்பானதும், சில குரல்கள் இயந்திரத்தனமாக இருப்பதாக ரசிகர்கள் சந்தேகம் கிளப்பினார்கள். எடிட்டிங்கில் பிட்ச் திருத்தும் மென்பொருளைப் பயன்படுத்தியதை ஷோ தரப்பு ஒப்புக்கொண்டது. இனி வேண்டாம் என்று கோவெல் உத்தரவிட்டார்.

1997-ல் வந்த ஆட்டோ-டியூன் மென்பொருளின் அடிப்படை இதுதான்: விலகிய ஸ்வரத்தை அருகில் உள்ள சரியான ஸ்வரத்துக்கு இழுத்துவிடும். மேற்கத்திய பாப் இசையில் பல நேரம் அது தெரியாமலே போகும். நம் இசையில் சிக்கல் வேறு. கமகம் என்பதே ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவில் அசைவது. தாறுமாறாகத் திருத்தினால் தப்போடு சேர்த்து அழகையும் துடைத்துவிடும். வளைந்து வர வேண்டிய இடம் படிக்கட்டு மாதிரி கேட்டால், சந்தேகப்படலாம்.

கோச் கையில் இருக்கும் அதிகாரம்

ஸ்க்ரிப்டைவிடப் பெரிய பிரச்னை இது. வாய்ப்புக்காகக் காத்திருக்கும் இளம் பாடகர் ஒரு பக்கம். பாட்டு, டிவி நேரம், எதிர்காலம் எல்லாவற்றையும் தீர்மானிக்கக்கூடியவர்கள் மறுபக்கம். 2022 ஜனவரியில் ‘தி வாய்ஸ்’ பிறந்த நெதர்லாந்திலேயே, இசைக்குழுத் தலைவர் மீதும் கோச்சுகள் மீதும் பாலியல் அத்துமீறல் புகார்கள் எழுந்தன. ஷோ உடனே நிறுத்தப்பட்டது. ஒரு யூடியூப் நிகழ்ச்சி அந்தப் புகார்களை விரிவாக வெளிக்கொண்டு வந்த பிறகுதான், எத்தனை பேர் வாயை மூடிக்கொண்டு இருந்தார்கள் என்று வெளியே தெரிந்தது.

ஜூனியர் ஷோக்களில் கவனம் இன்னும் அதிகம் தேவை. குழந்தைகளை வயதுக்குப் பொருந்தாத விதத்தில் காட்டக் கூடாது என்று டான்ஸ் ரியாலிட்டி ஷோக்கள் குறித்து 2019 ஜூனில் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் சேனல்களுக்கு அறிவுறுத்தியது. பத்து வயதுக் குழந்தை விரகதாபப் பாட்டுக்கு ‘எக்ஸ்பிரஷன்’ கொடுக்கும்போது கைதட்டுவதற்கு முன், அதைச் சொல்லிக் கொடுத்தது யார் என்று யோசிப்பது நல்லது. குரல் உடையும் வயதுப் பையனை மேல் ஸ்தாயியில் கத்தவிடாமல் ‘இந்த வாரம் வேண்டாம்’ என்று சொல்லும் டிரெய்னர்தான் அங்கே நிஜமான கோச்.

ஷோ முடிஞ்ச பிறகு?

2011-ல் ‘தி வாய்ஸ்’ முதல் சீசனில் பெரிய லாபம் பார்த்தவர்கள் கோச்சுகள்தான். ஆடம் லெவீனின் மரூன் 5 குழு, சக கோச் கிறிஸ்டினா அகிலேராவுடன் சேர்ந்து பாடிய பாட்டை அந்த மேடையிலேயே அறிமுகம் செய்தது. அது பில்போர்டில் முதலிடம் போனது. வின்னர் ஹாவியேர் கோலனோ, ஆல்பம் எதிர்பார்த்தபடி போகாமல் அடுத்த ஆண்டே ரெக்கார்டிங் நிறுவனத்தை விட்டு வெளியேறினார்.

இந்தியாவில் பவன்தீப் ராஜன் 2015-ல் ‘தி வாய்ஸ் இந்தியா’ டைட்டிலை ஷானின் அணியிலிருந்து வென்றார். ஆனாலும் 2021-ல் ‘இந்தியன் ஐடல்’ மேடையில் மறுபடி போட்டியாளராக நின்றார், ஜெயித்தார். ஒரு தேசிய டைட்டில் கையில் இருந்தும் இன்னொரு முறை வரிசையில் நிற்க வேண்டியிருந்தது.

மறுபக்கம், 2004 ‘அமெரிக்கன் ஐடல்’ போட்டியில் ஏழாவது இடத்தோடு வெளியேறிய ஜெனிஃபர் ஹட்சன் 2007-ல் ஆஸ்கர் வாங்கினார். 2017-ல் ‘தி வாய்ஸ்’ கோச் நாற்காலியில் உட்கார்ந்தார். அரிஜித் சிங்கின் கதையைச் சொல்லவே வேண்டாம்.

அடுத்த முறை பார்க்கும்போது கவனிக்க...

* ஜட்ஜ் குறிப்பாக ஏதாவது சொல்கிறாரா? ‘மூணாவது வரியில சுருதி இறங்குச்சு’ என்பது கருத்து. ‘கூஸ்பம்ப்ஸ்’ என்பது ரியாக்‌ஷன்.
* போன வாரம் சொன்ன குறை இந்த வாரம் சரியாகியிருக்கிறதா? ஆகியிருந்தால் திரைக்குப் பின்னால் நிஜமான பயிற்சி நடக்கிறது.
* பின்கதை எத்தனை நிமிடம், பாட்டு எத்தனை நிமிடம்?
* கோச் மாறினால் போட்டியாளரின் குரலும் மாறுகிறதா, அல்லது அதே குரல் இன்னும் தெளிவாகிறதா?
* ஓட்டுப் போடும் முன், முழுப் பாட்டையும் கேட்டீர்களா, அல்லது முப்பது நொடி ரீல்ஸ் மட்டும்தானா?

கடைசியாக ஒரு சின்ன சோதனை. பிடித்த போட்டியாளர் பாடத் தொடங்கும்போது போனைக் கவிழ்த்து வையுங்கள். அம்மாவின் கண்ணீர், லைட், எழுந்து நிற்கும் ஜட்ஜ் எதுவும் தெரியாது. குரல் மட்டும் வரும். பாட்டு முடிவதற்குள் போனைத் திருப்பத் தோன்றினால், உங்கள் ஓட்டு யாருக்கு என்பதில் சந்தேகம் வேண்டாம்.